உஸ்பெக் மொழியில் உடைமை விகுதியும் வேற்றுமை உருபும்: தமிழர் கற்க வேண்டிய வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

தாஷ்கந்திலோ சமர்கந்திலோ படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்கள் உஸ்பெக் மொழியைப் பெரும்பாலும் ஆறு வேற்றுமைகளின் அட்டவணையிலிருந்தே தொடங்குகிறார்கள். அட்டவணை விரைவில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. வாக்கியம் மட்டும் தடுமாறுகிறது. வேற்றுமை உருபு தமிழருக்குப் புதிதன்று. பெயர்ச்சொல்லின் உடலிலேயே ‘என்’, ‘உன்’, ‘அவன்’ என்பதை ஒட்டிவிடும் உடைமை விகுதிதான் புதிது, தடுமாற்றமும் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே இவ்வழிகாட்டி உடைமையை முன்னும் வேற்றுமையைப் பின்னுமாக வைக்கிறது.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உஸ்பெக்கிஸ்தானில் இலத்தீன் எழுத்தும் சிரில்லிக் எழுத்தும் இன்றும் அருகருகே புழங்குகின்றன. பாடநூல்கள் இலத்தீனில் இருப்பதால் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கடைப்பலகைகளையும் முதியவர்களின் கையெழுத்தையும் படிக்கச் சிரில்லிக் பின்னர் தேவைப்படும்.

இங்கே உஸ்பெக் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். வடமொழி ஒலிகளுக்குப் பழைய அச்சு நூல்கள் எண்ணிட்டதைப் போல, மெலிந்து ஒலிக்கும் வல்லினத்தின் மேல் ³ இடப்பட்டுள்ளது. எண் இல்லாத க, த, ப சொல்லின் நடுவில் தனித்து வந்தாலும் அழுத்தமாகவே ஒலிக்க வேண்டும். ‘ஆத’ (தந்தை) என்பதில் உள்ள தகரம் ‘பத்து’ என்பதில் உள்ள தகரமே. ‘ஃக’ என்பது அடித்தொண்டையிலிருந்து எழும் ககரம்; ‘ஃக³’ அதன் மெலிந்த இணை. ‘ஃஜ்’ என்பது ‘ஸ்’ ஒலி அதிர்வுடன் வருவது. ஆகாரம் சற்றே ஓகாரத்தின் பக்கம் சாய்ந்து ஒலிக்கும்.

உங்களுக்குச் சாதகமான செய்திகள் மூன்று உண்டு. முதலாவது, துருக்கியைப் போல உயிரெழுத்துக்கேற்ப விகுதி வடிவம் மாறுவது உஸ்பெக்கின் எழுத்து வழக்கில் இல்லை. பன்மைக்கு எங்கும் ‘-லர்’ ஒன்றே. இரண்டாவது, ‘மரம்’ என்பது ‘மரத்தை’ ஆவது போன்ற சாரியைத் தொல்லை பெயர்ச்சொற்களில் கிடையாது. மூன்றாவது, பாலும் திணையும் இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘உ’ என்னும் ஒரே சொல்.

2. ஒட்டும் வரிசையை முதலில் நிலைநிறுத்துதல்

வரிசை இது: பகுதி, பன்மை, உடைமை, வேற்றுமை. ‘கிதாப்³’ (புத்தகம்) என்பதிலிருந்து ‘கிதாப்³லர்’ (புத்தகங்கள்), ‘கிதாப்³லரிம்’ (என் புத்தகங்கள்), ‘கிதாப்³லரிம்த³’ (என் புத்தகங்களில்) என்று வளர்கிறது. தமிழிலும் ‘புத்தகம்-கள்-இல்’ என்ற வரிசையே இருப்பதால், பன்மைக்கும் வேற்றுமைக்கும் நடுவே ஓர் இருக்கையைக் கூடுதலாகப் போட்டால் போதும்.

வேற்றுமையை முதலில் கற்றவர்கள் இந்த நடு இருக்கையை மறந்துவிட்டு, உருபை ஒட்டிய பிறகு உடைமையைக் கடைசியில் செருகப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு சொல் உஸ்பெக்கில் அமையவே அமையாது. கேட்பவருக்கு அது பிழையாகக்கூடப் படாது, புரியாத ஒலியாகவே படும். எனவே எந்தச் சொல்லைக் கற்றாலும் வேற்றுமையின்றி ‘என்னுடைய’, ‘உங்களுடைய’ வடிவங்களை முதலில் சொல்லிப் பழகுங்கள்.

எண்ணுக்குப் பின் பன்மை விகுதி வராது: ‘பெ³ஷ்த கிதாப்³’, ஐந்து புத்தகம். நம் பேச்சு வழக்கும் இதுதான்.

3. உடைமை விகுதிகள்

மெய்யில் முடியும் சொல்லுக்கு விகுதிகள் இவை: என் ‘-இம்’, உன் ‘-இங்’, அவர் அல்லது அதன் ‘-இ’, எங்கள் ‘-இமிஃஜ்’, உங்கள் ‘-இஙிஃஜ்’. ஆகவே கிதாபி³ம், கிதாபி³ங், கிதாபி³, கிதாபி³மிஃஜ், கிதாபி³ஙிஃஜ்.

உயிரில் முடியும் சொல்லில் முன்னுள்ள இகரம் தேவையற்றதாகி விழுந்துவிடும். படர்க்கையில் மட்டும் ‘-ஸி’ வரும். ஆதம், ஆதங், ஆதஸி, ஆதமிஃஜ், ஆதஙிஃஜ். ‘ஆதஇ’ என்று இரண்டு உயிர்கள் மோதாமல் இருக்கவே அந்த ஸகரம். மெய்யில் முடியும் சொல்லுக்கும் ‘-ஸி’ போட்டு ‘கிதாப்³ஸி’ என்பது தொடக்கநிலையினரின் வழக்கமான பிழை.

நம் ‘நீங்கள்’ போலவே ‘-இஙிஃஜ்’ பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் ‘-இங்’ பயன்படுத்துவது ‘உன்’ என்று பேசுவதற்குச் சமம். மருத்துவமனையில் நோயாளியிடம் பேசும் மாணவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

விகுதி ஒட்டும்போது பகுதி மாறும் இடங்கள் இரண்டு. பல அசைச் சொற்களின் இறுதியில் உள்ள க் மெலிந்து க்³ ஆகும், ஃக் மெலிந்து ஃக்³ ஆகும்: ‘யுரக்’ (இதயம்) ‘யுரகி³ம்’ ஆகிறது, ‘ஃகிஷ்லாஃக்’ (கிராமம்) ‘ஃகிஷ்லாஃகி³ம்’ ஆகிறது. இரவல் சொற்கள் சில இதற்கு இணங்குவதில்லை. ‘ஹுஃகுஃக்’ (உரிமை) என்பது ‘ஹுஃகுஃகிம்’ என்றே நிற்கும். அடுத்து, ஈரசைச் சொற்கள் சிலவற்றில் இரண்டாம் உயிர் விழுந்துவிடும்: ‘ஃகாரின்’ (வயிறு) ‘ஃகார்னிம்’, ‘பு³ருன்’ (மூக்கு) ‘பு³ர்னிம்’, ‘ஓஃகி³ல்’ (மகன்) ‘ஓஃக்³லிம்’, ‘ஷஹர்’ (நகரம்) ‘ஷஹ்ரிம்’. உடல் உறுப்பும் உறவும் குறிக்கும் சொற்களே இவற்றுள் மிகுதி, அவைதாம் எப்போதும் உடைமை விகுதியோடு வருபவை. ஆகவே அவற்றை அகராதி வடிவத்திலும் ‘என்’ வடிவத்திலும் இணையாகவே எழுதிக் கற்பது நல்லது.

‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்பதற்கு உஸ்பெக் நோயாளி சொல்வது ‘ஃகார்னிம் ஆஃக்³ரியப்தி’, அதாவது ‘என் வயிறு வலிக்கிறது’. ‘எனக்கு’ என்பதற்கு இங்கே இடமில்லை. அகராதியில் ‘ஃகாரின்’ என்று படித்த மாணவர் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எந்த உறுப்பு என்று தெரியாமல் விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்விடத்தில் வரிசையை மீறும் ஒரு வழக்கையும் சொல்லிவிட வேண்டும். ‘அகலரிம்’ என்றால் என் அண்ணன்மார். ‘அகம்லர்’ என்றால், உடைமைக்குப் பின் பன்மை வருகிறது. அது அண்ணன் ஒருவரையே மரியாதையுடன் சுட்டலாம், அண்ணன் குடும்பத்தாரையும் சுட்டலாம். ‘அப்பா வந்தார்கள்’ என்று சொல்லும் நமக்கு இதன் மனநிலை எளிதில் பிடிபடும். உறவுப் பெயர்களுக்கு வெளியே இதைக் கொண்டு செல்லாதீர்கள். ‘கிதாபி³ம்லர்’ என்பது பிழையே.

‘தலப³ம்’ (என் மாணவர்), ‘தலப³மன்’ (நான் மாணவன்) என்பவற்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னது உடைமையன்று, பயனிலை விகுதி.

4. உடையவருக்கும் பொருளுக்கும் இருபுறமும் குறி

தமிழில் ‘அன்வரின் புத்தகம்’ என்றால் குறி உடையவரிடம் மட்டும் உள்ளது, ‘புத்தகம்’ மாறுவதில்லை. உஸ்பெக்கில் இருவரும் குறி ஏற்க வேண்டும்: ‘அன்வர்னிங் கிதாபி³’, அன்வரின் அவர்-புத்தகம். ‘-னிங்’ ஆறாம் வேற்றுமை, ‘-இ’ உடைமை. ‘அன்வர்னிங் கிதாப்³’ என்று நிறுத்துவதுதான் தமிழர் செய்யும் முதன்மையான பிழை. தாய்மொழி அப்படிப் பழக்கியிருப்பதால் அது நெடுநாள் நீடிக்கவும் செய்கிறது.

இரு குறிகளில் ஒன்றை விட வேண்டுமென்றால் விடக்கூடியது உடையவரையே. ‘மெனிங் கிதாபி³ம்’ என்பதில் ‘மெனிங்’ (என்) இல்லாமல் ‘கிதாபி³ம்’ மட்டும் போதும். ‘-இம்’ யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறது. பேச்சில் ‘பி³ஃஜ்னிங் மக்தப்³’ (எங்கள் பள்ளி) என்று பொருளின் குறி விடப்படுவதையும் கேட்பீர்கள். அது ‘எங்கள்’, ‘உங்கள்’ என்பவற்றோடு வரும் வழக்கு. அதை எல்லா இடத்துக்கும் நீட்டினால் தவறாகும்.

‘இருக்கிறது’ என்பதற்கு ‘பா³ர்’, ‘இல்லை’ என்பதற்கு ‘யோஃக்’. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்பதை நான்காம் வேற்றுமையில் பெயர்த்து ‘மென்க³ உக பா³ர்’ என்பது தவறு. ‘உகம் பா³ர்’, அதாவது ‘என் தம்பி உண்டு’ என்பதே சரி. ‘என்னிடம் பேனா இருக்கிறது’ என்று கையிருப்பைச் சொல்லும்போது இடவேற்றுமை வரும்: ‘மென்த³ ருச்க பா³ர்’. ஆக, உறவையும் உரிமையையும் சொல்ல உடைமை விகுதி, கையில் இருப்பதைச் சொல்ல ‘-த³’. ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்ற நம் பாகுபாடு ஏறத்தாழ இதே கோட்டில் விழுவதால், தமிழ் வாக்கியத்தை ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே எதைத் தேர்வது என்பது தெரிந்துவிடும்.

5. படர்க்கை ‘-இ’ என்னும் சிறு விகுதி

இது ‘அவருடைய’ என்பதோடு நில்லாமல் இரண்டு பெயர்ச்சொற்களைத் தொகையாகப் பிணைக்கவும் பயன்படுகிறது. ‘தாஷ்கென்த் ஷஹ்ரி’ தாஷ்கந்து நகரம். ‘ஓஃஜ்பெ³க் திலி’ உஸ்பெக் மொழி. இங்கே முதற்சொல்லில் ‘-னிங்’ இல்லை. ‘உய் கலிதி’ என்றால் வீட்டுச் சாவி என்ற வகை. ‘உய்னிங் கலிதி’ என்றால் குறிப்பிட்ட அந்த வீட்டின் சாவி. நம் ‘வீட்டுச் சாவி’, ‘வீட்டின் சாவி’ என்ற வேறுபாட்டுக்கு இது மிக அருகில் வருகிறது.

ஒரு பெயரில் உடைமை இருக்கை ஒன்றே. ஆகவே ‘ஆன திலி’ (தாய்மொழி) என்பதை ‘என் தாய்மொழி’ ஆக்கும்போது ‘-இ’ விலகி அவ்விடத்தில் ‘-இம்’ அமர்கிறது: ‘ஆன திலிம்’. இரண்டையும் அடுக்க முடியாது.

‘கிதாப்³லரி’ என்பது அவருடைய புத்தகங்கள், அவர்களுடைய புத்தகம், அவர்களுடைய புத்தகங்கள் ஆகிய மூன்று பொருளும் தரும். இலக்கணத்தால் இதைத் தீர்க்க முடியாது. முன்னால் ‘உனிங்’ (அவருடைய) அல்லது ‘உலர்னிங்’ (அவர்களுடைய) சேர்த்து ஓரளவு தெளிவாக்கலாம், மீதியைச் சூழலுக்கு விட வேண்டியதுதான்.

துருக்கி மொழியை முன்பே அறிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. துருக்கியில் படர்க்கை உடைமைக்கும் வேற்றுமைக்கும் நடுவே ஒரு னகரம் தோன்றும். இன்றைய உஸ்பெக்கில் அது இல்லை: ‘உயித³’ (அவர் வீட்டில்). ‘உயின்த³’ என்று சொன்னால் பழைய கவிதையைப் படிப்பது போலிருக்கும்.

6. வேற்றுமை உருபுகள்

எழுவாய்க்கு உருபு இல்லை. மற்ற ஐந்தும்: இடம் ‘-த³’ (இல்), நீக்கம் ‘-த³ன்’ (இலிருந்து), சேர்தல் ‘-க³’ (கு), செயப்படுபொருள் ‘-னி’ (ஐ), உடைமை ‘-னிங்’ (இன்). இடம், நீக்கம், சேர்தல் மூன்றையும் ‘உய்’ (வீடு) என்ற ஒரே சொல்லில் முதலில் பழகுங்கள்: உய்த³, உய்த³ன், உய்க³. பிறகு நடுவே உடைமையைச் செருகுங்கள்: உயிம்த³, உயிம்த³ன், உயிம்க³. ‘-னி’, ‘-னிங்’ இரண்டையும் கடைசியில் எடுங்கள். அவை ஒலியில் நெருங்கியவை. தாஷ்கந்துப் பேச்சில் ‘-னிங்’ வர வேண்டிய இடத்தில் ‘-னி’ என்றே ஒலிப்பதும் உண்டு. காதால் கேட்டதை அப்படியே எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும்.

‘இஷ்த³’ (வேலையில்) என்பது பேச்சில் ‘இஷ்த’ என்று கடினமாகக் கேட்டாலும் எழுத்தில் ‘-த³’ மாறாது. மாறுவது ‘-க³’ ஒன்றே: க் என முடியும் சொல்லின் பின் ‘-க’, ஃக் என முடியும் சொல்லின் பின் ‘-ஃக’. எனவே கிராமத்துக்கு என்பது ‘ஃகிஷ்லாஃக்ஃக’. ‘தாஃக்³’ (மலை) என்பது ‘தாஃக்ஃக’ ஆகிறது. உடைமை விகுதி நடுவே வந்துவிட்டால் இந்த மாற்றத்துக்கு வாய்ப்பில்லை: ‘ஃகிஷ்லாஃகி³ம்க³’, என் கிராமத்துக்கு.

மூவிடப் பெயர்களில் சிறு விலகல்கள் உள்ளன. ‘மென்’ (நான்), ‘ஸென்’ (நீ) ஆகியவற்றின் இறுதி னகரம் உருபின் னகரத்தோடு ஒன்றாகி ‘மெனிங்’, ‘மெனி’, ‘ஸெனிங்’, ‘ஸெனி’ என வரும். இரட்டித்து எழுதக் கூடாது. ‘உ’ என்பது ஒரு னகரத்தைக் கூட்டிக்கொண்டு ‘உன்க³’, ‘உன்த³’, ‘உன்த³ன்’ ஆகிறது. ‘பி³ஃஜ்’ (நாம்), ‘ஸிஃஜ்’ (நீங்கள்) மாறுவதில்லை.

7. ‘-னி’ எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

‘கிதாப்³ ஓஃகிதி³ம்’ என்றால் புத்தகம் படித்தேன். ‘கிதாப்³னி ஓஃகிதி³ம்’ என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அஃறிணையில் நாம் ஐயை விடுவதும் இடுவதும் போலவே இது இயங்குகிறது. உருபு ஏற்காத செயப்படுபொருள் வினைக்கு ஒட்டியே நிற்க வேண்டும்.

நாம் இடறுவது உயர்திணையில். தமிழில் ஆட்களைச் சொல்லும்போது ஐ ஏறக்குறையக் கட்டாயம் என்பதால், உஸ்பெக்கிலும் மனிதர் என்றாலே ‘-னி’ போட்டுவிடுகிறோம். உஸ்பெக் திணையைப் பார்ப்பதில்லை. பொருள் குறிப்பானதா என்றுதான் பார்க்கிறது. யாரோ ஒருவரைக் கண்டேன் என்பதற்கு ‘பி³த்த ஆத³ம் கோர்தி³ம்’ போதும். மறுபுறம், இயற்பெயர், மூவிடப் பெயர், ‘பு³’ (இந்த) போன்ற சுட்டு, உடைமை விகுதி ஆகியவற்றில் ஒன்று இருந்தால் பொருள் குறிப்பாகிவிட்டது, ‘-னி’ வந்தே தீரும்: ‘கிதாபி³ம்னி ஓஃகிதி³ம்’.

8. வினை எந்த வேற்றுமையைக் கேட்கிறது

ஒத்துப்போகும் இடங்கள் பல. ‘மென்க³ ஸுவ் கெரக்’ எனக்குத் தண்ணீர் வேண்டும். ‘மென்க³ யாஃகதி³’ எனக்குப் பிடிக்கும். இப்படிப் பத்து வாக்கியங்கள் பொருந்தியதும் தமிழ் உருபுகளை அப்படியே மாற்றிப் போட்டால் போதும் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. பின்வரும் வினைகள் அந்தத் துணிச்சலைக் கெடுக்கும்.

நாம் ‘என்னைப் பார்’ என்போம். உஸ்பெக்கில் ‘மென்க³ ஃகர’, எனக்குப் பார். அதே வேளையில் ‘கோர்’ (காண்) என்ற வினை ‘-னி’யையே ஏற்கும். பார்வையைத் திருப்புவது ஒரு திசையை நோக்கிய செயல் என்பதால் ‘-க³’, கண்ணில் படுவது பொருளைப் பற்றியது என்பதால் ‘-னி’ என்று நினைவில் வைக்கலாம். ‘என்னை நம்பு’ என்பதும் ‘மென்க³ இஷான்’. மாறாக, ‘பேருந்துக்காகக் காத்திருக்கிறேன்’ என்பது ‘அவ்தோபு³ஸ்னி குத்யப்மன்’, நேராகச் செயப்படுபொருள்.

அச்சமும் கேள்வியும் நீக்கத்தைக் கேட்கின்றன. நாய்க்குப் பயப்படுகிறேன் என்பதற்கு ‘இத்த³ன் ஃகோர்ஃகமன்’. அச்சம் அதிலிருந்து வருகிறது. என் அப்பாவிடம் கேட்டேன் என்பதற்கு ‘ஆதம்த³ன் ஸோரதி³ம்’; விடை அவரிடமிருந்து வரவேண்டும். ‘இடம்’ என்பதை நினைத்து ‘ஆதம்த³’ என்று இடவேற்றுமை போடுவது அடிக்கடி காணும் பிழை.

ஒப்பீட்டில் ‘விட’ என்ற சொல்லைத் தேட வேண்டாம். ‘தாஷ்கென்த் ஸமர்ஃகன்த்³த³ன் கத்த’, தாஷ்கந்து சமர்கந்தைவிடப் பெரியது. ‘-த³ன்’ மட்டுமே ஒப்பிட்டுவிடுகிறது. நேரம் குறிக்கும் ‘பிறகு’, ‘முன்பு’ இரண்டும் ‘-த³ன்’ மீதே ஏறும்: ‘த³ர்ஸ்த³ன் கெயின்’ பாடத்துக்குப் பிறகு, ‘த³ர்ஸ்த³ன் ஆல்தி³ன்’ பாடத்துக்கு முன்பு. நாம் இரண்டிலும் ‘கு’ போடுகிறோம், அதனால் ‘த³ர்ஸ்க³ கெயின்’ என்று தொடக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள்.

‘உடன்’ என்பதற்கு உருபு கிடையாது. ‘பி³லன்’ என்ற தனிச்சொல் உண்டு. ‘தோ³ஸ்திம் பி³லன்’, என் நண்பருடன். அதற்கு முன் வேற்றுமை வேண்டாம், உடைமை வரலாம். எந்தப் புதிய வினையைக் குறிப்பேட்டில் எழுதினாலும் அதன் பக்கத்தில் அது கேட்கும் உருபையும் சேர்த்து எழுதுங்கள். வினையை மட்டும் தனியாகக் கற்பது பாதி வேலையே.

9. மேல், கீழ், உள், பக்கம்

இவை உஸ்பெக்கில் பெயர்ச்சொற்கள்; உடைமையும் வேற்றுமையும் ஏற்பவை. ‘உஸ்த்’ (மேற்புறம்) என்பதோடு ‘-இ’யும் ‘-த³’வும் சேர்ந்து ‘ஸ்தோல் உஸ்தித³’, மேசையின் மேல். உள்ளே என்பது ‘இசித³’, பக்கத்தில் என்பது ‘யானித³’. இவற்றை உறைந்த சொற்களாக மனப்பாடம் செய்தவர்களுக்கு ‘யானிம்த³’ (என் பக்கத்தில்), ‘யானிஙிஃஜ்க³’ (உங்கள் பக்கத்துக்கு) போன்றவை வரும்போது அடையாளம் தெரிவதில்லை. பிரித்துக் கற்றவர்களுக்கு இது முன்பே கண்ட அதே வரிசைதான்.

10. நீண்ட பெயரைப் பின்னாலிருந்து பிரித்தல்

தாஷ்கந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர்: ‘அலிஷெர் நவாயி நாமித³கி³ தாஷ்கென்த் த³வ்லத் ஓஃஜ்பெ³க் திலி வ அத³பி³யாதி உனிவெர்ஸிதெதி’. இதைக் கடைசிச் சொல்லிலிருந்து பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் தமிழைப் போலவே தலைமைச் சொல் இறுதியில்தான் நிற்கிறது.

‘உனிவெர்ஸிதெத்’ என்பதில் உள்ள ‘-இ’, முன்னுள்ளவை அனைத்தும் இதைச் சிறப்பிக்கும் தொகை என்று சொல்கிறது. ‘திலி வ அத³பி³யாதி’ என்பதில் இரண்டு சொற்களும் தனித்தனி ‘-இ’ ஏற்றுள்ளன. ‘உஸ்பெக்’ என்பது மொழிக்கும் இலக்கியத்துக்கும் பொது என்பதற்கு அதுவே சான்று. ‘த³வ்லத்’ அரசு. ‘நாமித³கி³’ என்பது நாம்-இ-த³-கி³: பெயர், அவருடைய, இல், உள்ள. அலிஷெர் நவாயியின் பெயரில் உள்ள, அதாவது அவர் பெயரிலான. ‘-த³’வுக்குப் பின் வரும் ‘-கி³’ வேற்றுமைச் சொல்லைப் பெயரடை ஆக்குகிறது; நம் ‘இல் உள்ள’ என்பதற்கு இணையானது. நிறுவனப் பலகைகளில் அடிக்கடி காணும் சொல் என்பதால், இதை ஒருமுறை பிரித்துவிட்டால் நகரத்தில் பாதிப் பலகைகள் படிக்க எளிதாகும்.

அங்கே படிக்கிறேன் என்று சொல்ல, உருபைக் கடைசிச் சொல்லில் மட்டும் சேர்க்க வேண்டும்: ‘உனிவெர்ஸிதெதித³ ஓஃகிய்மன்’. நடுவிலுள்ள ‘திலி’, ‘அத³பி³யாதி’ அசையாமல் நிற்கும். ‘எங்கள் பல்கலைக்கழகத்தில்’ என்றால் இறுதிச் சொல்லின் ‘-இ’ விலகி ‘உனிவெர்ஸிதெதிமிஃஜ்த³’ என வரும்.